அடித்தவரும் ஒருநாள் குழந்தைதான்

தேக்காவுக்குப் போகும் அன்பர்களே, பூவும் சேலையும் வாங்கிய கையோடு, சிறிது தூரத்தில் வெள்ளை வெளேரென நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தையும் பார்த்து வாருங்கள்.

ஜப்பானியர் காலத்தில் சிங்கப்பூர்ப் பேராயராக இருந்தவர் லியோனார்ட் வில்சன். 1943 அக்டோபரில் இராணுவப் போலீசார் அவரைப் பிடித்துப் பல நாள் வதைத்தனர். 'இவர்களும் ஒருகாலத்தில் தம்பி தங்கையரோடு விளையாடிய குழந்தைகள்தானே' என்று எண்ணியே அவர் வெறுப்பை வென்றார். போருக்குப்பின், வதைத்தவர்களில் ஒருவரே கிறிஸ்தவரானார். அவருக்குத் திடப்படுத்தல் கொடுத்தவர் வில்சன்!

நாமோ குழாயடியில் கேட்ட ஒரு சொல்லுக்காக ஆண்டுக்கணக்கில் முகம் திருப்புகிறோம். என் வகுப்புப் பிள்ளைகள் காலையில் சண்டையிடுவார்கள். மத்தியானம் ஒரே வடையைப் பிட்டுத் தின்பார்கள்.

உள்ளத்தைக் காப்பது என்றால், பகையை அங்கே குடிவைக்காதிருப்பதுதான். உங்களை நோகடித்தவரின் குழந்தை முகத்தை இன்றிரவு நினைத்துப் பாருங்கள். நாளை நீங்களே முதலில் வணக்கம் சொல்லுங்கள்.