ராஜாவும் பெட்டி தூக்குவார்

மேடையில் ராஜா வருகிறார். தலையில் கிரீடம் மின்னுகிறது. மக்கள் கைதட்டுகிறார்கள். இரவு நாடகம் முடிகிறது. அதே ராஜா லுங்கி கட்டிக்கொண்டு வருகிறார். விளக்குகளைக் கழற்றுகிறார். பெட்டிகளை வண்டியில் ஏற்றுகிறார். மறுநாள் வேறு ஊரில் நாடகம். ஊர் ஊராகப் போகும் நாடகக் கலைஞர்களின் வாழ்க்கை இப்படித்தான்.

கர்நாடக மாநிலத்தில் ஷிவமொக்கா மாவட்டம் இருக்கிறது. அங்கே ஹெக்கோடு என்று ஒரு சிறிய கிராமம். சுற்றிலும் பாக்குத் தோட்டங்கள். நல்ல நாடகம் பார்க்க நகரத்துக்குத்தான் போக வேண்டுமா? நம் ஊரிலேயே நடத்தக் கூடாதா? அந்த ஊர் மக்கள் நடத்திக் காட்டினார்கள். 1949-ஆம் ஆண்டு ஒரு நாடக மன்றம் தொடங்கினார்கள். அதன் பெயர் நீனாசம்.

அதை வளர்த்தவர் கே.வி. சுப்பண்ணா. அவர் எழுத்தாளர். பாக்கு விவசாயமும் செய்தவர். 1980-இல் அங்கே நாடகப் பள்ளி தொடங்கியது. 1985-இல் ‘திருகாட்டா’ என்ற குழு உருவானது. கன்னடத்தில் அந்தச் சொல்லுக்கு ‘சுற்றித் திரிதல்’ என்று பொருள். 1991-இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. அவர் 2005-இல் காலமானார். ஆனால் அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை.

இந்தக் குழு எப்படி வேலை செய்கிறது? மழைக்காலத்தில் ஒத்திகை நடக்கும். மழை விட்டதும் பயணம் தொடங்கும். மேடைச் சாமான், விளக்கு, உடை எல்லாம் கூடவே போகும். ஊரில் உள்ள சங்கம் குழுவை அழைக்கும். அதற்குத் தொகை கொடுக்கும். சாப்பாடும் தங்க இடமும் தரும். டிக்கெட்டும் அதுவே விற்கும். நடிகர்களே மேடை கட்டுவார்கள். மாலையில் முகத்துக்குச் சாயம் பூசுவார்கள். பெண்களும் சமமாக வேலை செய்வார்கள்.

பயணம் முடிந்தால் என்ன செய்வது? அதுதான் கஷ்டம். நாடகக் கலைஞர்கள் பலருக்கு வருஷம் முழுவதும் வேலை இல்லை. சிலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லித் தருகிறார்கள். சிலர் சினிமாவுக்கும் டி.வி. தொடருக்கும் போகிறார்கள். சிலர் வயல் வேலைக்குத் திரும்புகிறார்கள். பெண்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. “ராத்திரி வேலை வேண்டாம்” என்று வீட்டில் தடுப்பார்கள். 2020-இல் கொரோனா வந்தது. கூட்டம் கூடக் கூடாது என்றார்கள். அரங்குகள் மூடிக் கிடந்தன. கலைஞர்களின் வருமானம் நின்றது.

நாடகம் எழுதுகிறவர் நிலை என்ன? கிரீஷ் கர்னாட் புகழ்பெற்ற கன்னட நாடக ஆசிரியர். ‘துக்ளக்’ நாடகத்தை எழுதியவர். அந்தக் காலத்தில் அவர் சென்னையில் ஒரு புத்தக நிறுவனத்தில் வேலை பார்த்தார். பிறகு சினிமாவிலும் நடித்தார். மராத்தியில் எழுதிய விஜய் தெண்டுல்கர் பத்திரிகை வேலை பார்த்தவர். நாடகம் எழுதி மட்டும் குடும்பம் நடத்துவது அவ்வளவு கடினம்.

ஆனால் எழுதியவருக்குச் சட்டத்தில் உரிமை உண்டு. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் அதைச் சொல்கிறது. ஒருவர் எழுதிய நாடகத்தை டிக்கெட் போட்டு நடத்தினால் அவரிடம் அனுமதி வாங்க வேண்டும். அவர் கேட்கும் பணத்தையும் தர வேண்டும். அவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் அந்த உரிமை குடும்பத்தாருக்கு இருக்கும். பலருக்கு இது தெரியாது. கேட்காமலே நாடகம் போட்டுவிடுகிறார்கள்.

தச்சருக்குக் கூலி கொடுக்கிறோம். தையல்காரருக்கும் கொடுக்கிறோம். நம்மைச் சிரிக்கவும் அழவும் சிந்திக்கவும் வைப்பதும் உழைப்புதான். நம் ஊருக்கு நாடகம் வந்தால் டிக்கெட் வாங்கிப் பார்ப்போம். குடும்பத்தையும் அழைத்துப் போவோம். கைதட்டல் கலைஞரின் மனதை நிறைக்கும். டிக்கெட் பணம்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிய வைக்கும்.