தோலும் மையும் – 6: கத்பர்ட்டுக்கு ஒரு புத்தகம்

அயோனாவிலிருந்து வந்த ஏய்டன், 635இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரம் லிண்டிஸ்பார்ன் தீவில் மடம் நிறுவியதோடு சென்ற வாரம் நிறுத்தினோம். கடல் வற்றினால் நடந்தே போகலாம், ஏறினால் படகு வேண்டும். ஆனால் அந்த மடத்துக்குப் பேர் வாங்கித் தந்தவர் பின்னால் வந்த கத்பர்ட்.

ஆயர் பதவியில் அவர் இருந்தது இரண்டே ஆண்டு. மனம் ஒட்டியது அருகிலிருந்த ஃபார்ன் தீவின் தனிக் குடிசையில்தான்; 687 மார்ச் 20 அன்று அங்கேயே இறந்தார். 'என்னை இங்கேயே புதையுங்கள்' என்று அவர் கேட்டுக்கொண்டதாக வரலாற்றாசிரியர் பீட் எழுதுகிறார். மடத்தில் புதைத்தால் அடைக்கலம் தேடிக் குற்றவாளிகள் வருவார்கள், அவர்களுக்காகத் துறவிகள் அதிகாரிகளிடம் மன்றாட வேண்டிவரும் என்பது அவர் கவலை. தான் இறந்தபின் என்ன நடக்கும் என்பதை இத்தனை நடைமுறையாக யோசித்த புனிதர்கள் குறைவு. துறவிகள் விடவில்லை. உடல் லிண்டிஸ்பார்னுக்கு வந்தது.

ஏன் விடவில்லை? 664இல் விட்பியில் கூடிய திருச்சபை மன்றம், ஈஸ்டர் நாளைக் கணிக்க இந்த மடம் பின்பற்றிவந்த ஐரிஷ் முறையைத் தள்ளி ரோமின் முறையை ஏற்றது. மனம் ஒப்பாத லிண்டிஸ்பார்ன் ஆயர் கோல்மன் ஊரை விட்டே போனார். போகும்போது ஏய்டனின் எலும்புகளில் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டார். கத்பர்ட் இறந்த மறு ஆண்டு முழுக்க, ரோமின் பக்கம் உறுதியாக நின்ற வில்ஃப்ரிட் ஆயர் பொறுப்பில் இருந்தார். அந்தக் காலத்தில் பலர் மடத்தை விட்டு வெளியேறத் துணிந்த அளவுக்குப் புயல் அடித்தது என்கிறார் பீட். வில்ஃப்ரிட்டின் பெயரை மட்டும் அங்கே சொல்லவில்லை! நிறுவனரின் எலும்பு பாதி போய், உள்ளேயும் பிளவுபட்டுக் கிடந்த மடத்துக்கு இரு தரப்பும் வணங்கக்கூடிய ஒருவர் தேவைப்பட்டார்.

698இல் கல்லறையைத் திறந்தார்கள். எலும்புகளை எடுத்துப் பேழையில் வைத்து மேலே நிறுத்துவதுதான் திட்டம். கிடைத்ததோ அழியாத உடல், மூட்டுகள் மடங்கின என்கிறது பதிவு. அதே ஆண்டு ஆயரானவர் ஈட்ஃப்ரித். கத்பர்ட்டின் வாழ்க்கையை உரைநடையில் எழுதித் தரும்படி பீடிடம் கேட்டவர் அவர்; லிண்டிஸ்பார்ன் நற்செய்தி நூலைத் தன் கையால் எழுதியவர் என்று மரபு சொல்வதும் அவரையே.

கன்றுத்தோலில் 250 ஏடுகளுக்கு மேல். அதன் லத்தீன் வாசகம் இத்தாலியிலிருந்து வந்த பிரதியைப் பார்த்து எழுதியது; நேப்பிள்ஸ் நகரின் திருநாள்கள்கூட அதில் ஏறிவிட்டன. நற்செய்தியாளர் நால்வரின் உருவங்களும் மத்தியதரைக்கடல் பாணி. முகப்பு எழுத்துகளில் சுழல்வதோ ஐரிஷ் சுருள்கள், ஒன்றையொன்று கவ்வும் பறவைகள், எழுத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கில் சிவப்புப் புள்ளிகள். விட்பியில் மோதிய இரண்டு உலகங்களும் ஒரே தோலில் சண்டையில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

நீலம் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த லாபிஸ் கல் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆய்வுக்கூடச் சோதனை அதை மறுத்தது: அவுரியில் இருக்கும் அதே சாயம்தான், அங்கே வோட் என்ற செடியிலிருந்து கிடைப்பது. இரவல் ஆடம்பரம் இல்லாமலே அந்தப் பளபளப்பு.

793இல் வைக்கிங்குகள் மடத்தைச் சூறையாடினார்கள். 875இல் துறவிகள் கத்பர்ட்டின் பேழையைத் தூக்கிக்கொண்டு தீவை விட்டே கிளம்பினார்கள். நூலும் உடன் போனது என்பது மரபு. பல இடம் அலைந்து செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட்டில் தங்கினார்கள். அங்கேதான் 10ஆம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட் என்ற குருவானவர், லத்தீன் வரிகளுக்கு இடையே பொடி எழுத்தில் ஆங்கிலச் சொற்களை எழுதினார். நற்செய்திகளுக்கு இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஆங்கில வடிவம் இது. அந்த வண்ண ஏடுகளில் கைவைக்க எப்படித் துணிந்தாரோ!

கடைசியில் ஒரு குறிப்பும் சேர்த்தார். நூலை ஈட்ஃப்ரித் எழுதியது கடவுளுக்காகவும் கத்பர்ட்டுக்காகவும் என்று நமக்குச் சொல்வது இந்தக் குறிப்புதான். தன் உழைப்புக்கும் அதிலேயே கணக்கு எழுதுகிறார்: மத்தேயு கடவுளுக்கும் கத்பர்ட்டுக்கும், மாற்கு ஆயருக்கு, லூக்கா மடத்தாருக்கு, தன்னைச் சேர்த்துக்கொள்வதற்காக எட்டு ஓரா (அன்றைய ஓர் அளவு) வெள்ளியுடன். யோவானை மட்டும் தன் ஆன்மாவுக்கு வைத்துக்கொண்டார்.

(தொடரும்)