ஒரு தந்தியை அவிழ்த்தால் மற்ற ஐந்தும் சுருதி பிறழ்வது ஏன்?

ட்ரெமோலோ பிரிட்ஜ் அமைந்த மின்சார கிட்டாரில் ஒரு தந்தியை மாற்றிவிட்டு நிமிர்ந்தால், நாம் தொடாத ஐந்தும் சுருதி கலைந்து நிற்கின்றனவே, அது எப்படி?

1954-இல் லியோ ஃபெண்டரின் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் போன்ற வாத்தியங்களில், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ், கைப்பிடியை அழுத்தினால் சாய்ந்து நாதத்தை நெளியச் செய்வதற்கென்றே, அசையும்படி அமைந்திருக்கிறது. முன்புறம் ஆறு தந்திகளும் கூடி ஏறக்குறைய 40 கிலோ பாரத்துக்கு ஈடாக இழுக்க, முதுகுப்புறக் குழியில் மறைந்திருக்கும் சுருள்வில்கள் அதே வலுவுடன் எதிர்த்து இழுக்கின்றன. மளிகைக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள்; ஒரு தட்டிலிருந்து ஒரு படிக்கல்லை எடுத்ததும் மறு தட்டு தாழ்ந்துவிடுகிறதல்லவா?

அவ்வாறே, தந்தி ஒன்று நீங்கியதும் வில்களின் கை ஓங்கிப் பிரிட்ஜ் பின்னே சாய, எஞ்சியவை முறுக்கேறிச் சுருதி உயர்கிறது. புதுத் தந்தியை முறுக்க முறுக்கப் பிரிட்ஜ் முன்னே வந்து, மற்றவை தளர்கின்றன. இந்தச் சூக்ஷ்மமான சமநிலையைக் காணுந்தோறும் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

ஆகையால், ஆறையும் ஒருங்கே கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுவதே உத்தமம். ஆறாவதைச் சுருதி கூட்டி முடித்தபின் முதல் தந்தியை மீட்டிப் பாருங்கள், இறங்கியிருக்கும். சலியாமல் மீண்டும் சுற்றி வந்தால், சுற்றுக்குச் சுற்று பிழை குறுகிக்கொண்டே வரும். முன்னிலும் தடித்த தந்திகளைப் பூட்டினால், வில்களைப் பற்றியிருக்கும் திருகுகளையும் சற்றே இறுக்கியாக வேண்டும்.