உங்களுக்குத் தெரியுமா? - சொந்தக் கட்சி மீதே கோபம்!

அமெரிக்காவில் குடியேற்றச் சண்டை என்றால் குடியரசுக் கட்சிக்கும் ஜனநாயகக் கட்சிக்கும் நடப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். அதற்குச் சற்றும் குறையாத சண்டை ஒன்று குடியரசுக் கட்சிக்கு உள்ளேயே நாற்பது ஆண்டுகளாக நடக்கிறது. ஒரு பக்கம் கட்சித் தலைவர்கள். மறுபக்கம் அவர்களுக்கு ஓட்டுப் போட்டு அனுப்பிய பழைமைவாத வாக்காளர்கள்.

● ரேகன் போட்ட கையெழுத்து
ஆவணம் இல்லாமல் அமெரிக்காவில் வாழ்ந்த சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வமாகத் தங்க வழி செய்தவர் ரொனால்ட் ரேகன். பழைமைவாதிகள் இன்றும் கொண்டாடும் அதே ரேகன்தான்! 1986 நவம்பர் 6 அன்று அவர் கையெழுத்திட்ட சட்டப்படி, 1982 ஜனவரி 1-க்கு முன்பே வந்து தங்கியவர்கள் விண்ணப்பிக்கலாம். பண்ணைத் தொழிலாளர்களுக்குத் தனி வழியும் இருந்தது. இதை அவர் ஒளித்துச் செய்யவில்லை. 1984 அதிபர் தேர்தல் விவாத மேடையிலேயே, நெடுங்காலமாக இங்கே வாழ்பவர்களுக்குப் பொதுமன்னிப்பு அளிப்பதை ஆதரிப்பதாகச் சொன்னார். அந்தத் தேர்தலில் 50 மாநிலங்களில் 49-ஐ வென்றார்.

● பாதி மட்டுமே நடந்த ஒப்பந்தம்
அந்தச் சட்டம் ஒரு கொடுக்கல் வாங்கல். ஏற்கெனவே இருப்பவர்களுக்கு மன்னிப்பு. இனிமேல் ஆவணம் இல்லாதவர்களை வேலைக்கு வைக்கும் முதலாளிகளுக்குத் தண்டனை. முதல் பாதி உடனே நடந்தது. இரண்டாம் பாதி ஏட்டளவில் நின்றது. தொழிலாளி காட்டும் அடையாளச் சீட்டு பார்வைக்கு உண்மையானதுபோல் இருந்தால் முதலாளிக்கு அதுவே போதும். போலிச் சீட்டு வியாபாரம் கொழித்தது. பியூ ஆய்வு மையத்தின் மதிப்பீட்டில், 1990-இல் 35 லட்சமாக இருந்த ஆவணமற்றோர் எண்ணிக்கை 2007-இல் 1 கோடியே 22 லட்சத்தைத் தொட்டது. ‘முதலில் மன்னிப்பு, பிறகு கண்காணிப்பு’ என்று இனி யார் சொன்னாலும் நம்பக்கூடாது என்ற முடிவுக்குப் பழைமைவாத வாக்காளர்கள் வந்தது இங்கேதான்.

● ஆதரித்தவரே எதிர்த்தார்
1986 சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்த ஐயோவா செனட்டர் சக் கிராஸ்லி, பின்னாளில் அது தவறு என்று வெளிப்படையாகச் சொல்லி 2007, 2013-இல் வந்த குடியேற்றச் சீர்திருத்த மசோதாக்களை எதிர்த்தார். ரேகனின் அட்டர்னி ஜெனரலாக இருந்த எட் மீஸ், 2006-இல் பத்திரிகைக் கட்டுரை எழுதி, அப்போது பேச்சில் இருந்த புதிய குடியேற்ற மசோதாவும் பழைய பொதுமன்னிப்பின் மறுபதிப்புதான் என்று எச்சரித்தார்.

● தபாலில் வந்த செங்கல்
2006 வசந்த காலத்தில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களுக்குத் தபாலில் செங்கற்கள் வந்து குவிந்தன. ‘எல்லையில் சுவர் கட்டுங்கள், முதல் கல் இதோ’ என்பதுதான் வாக்காளர்கள் சொன்ன செய்தி. அந்த ஆண்டு அக்டோபரில் அதிபர் ஜார்ஜ் புஷ், மெக்சிகோ எல்லையில் சுமார் 700 மைல் வேலி அமைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

● தாங்காமல் போன தொலைபேசி
2007-இல் அதிபர் புஷ், ஜான் மெக்கெய்ன், ஜான் கைல் ஆகிய குடியரசுக் கட்சித் தலைவர்கள் ஜனநாயகக் கட்சியின் எட்வர்ட் கென்னடியோடு கைகோத்து ஒரு பெரிய சீர்திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார்கள். கட்சிக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். லட்சக்கணக்கான ஃபேக்ஸ்கள் பறந்தன. இறுதி வாக்கெடுப்பு நாளான ஜூன் 28 அன்று அழைப்புகள் குவிந்து செனட்டின் தொலைபேசி இணைப்பகமே செயலிழந்தது. விவாதத்தை முடித்து மசோதாவை நகர்த்த 60 வாக்குகள் வேண்டும், கிடைத்தவை 46. குடியரசுக் கட்சியின் 49 செனட்டர்களில் 12 பேர் மட்டுமே தங்கள் அதிபரின் பக்கம் நின்றார்கள்.

● புண்படுத்திய பேச்சு
அந்த மசோதாவை எதிர்ப்பவர்கள் அமெரிக்காவுக்கு நல்லது செய்ய விரும்பாதவர்கள் என்ற தொனியில் 2007 மே மாதம் ஜார்ஜியாவில் புஷ் பேசினார். இரண்டு முறை அவரை அதிபராக்கிய மக்களைப் பார்த்துச் சொன்ன சொல் அது. ரேகனுக்கு உரை எழுதித் தந்தவரும் நாடறிந்த பத்தி எழுத்தாளருமான பெக்கி நூனன், வெள்ளை மாளிகைதான் கட்சித் தொண்டர்களை விட்டு விலகிப் போய்விட்டது என்று வருந்தி எழுதினார். அதே மாதம் நடந்த ஜார்ஜியா மாநிலக் கட்சி மாநாட்டில், மசோதாவுக்கு முதலில் பரிவு காட்டிய செனட்டர் சாக்ஸ்பி சாம்ப்ளிஸை நோக்கித் தொண்டர்கள் கூச்சலிட்டார்கள். இறுதி வாக்கெடுப்பில் அவர் எதிர்த்தே வாக்களித்தார்.

● தன் மசோதாவுக்கே ஓட்டில்லை
2008 அதிபர் தேர்தல் வேட்பாளர் விவாதத்தில், உங்கள் மசோதா மீண்டும் வந்தால் வாக்களிப்பீர்களா என்று மெக்கெய்னிடம் கேட்டார்கள். மாட்டேன், மக்கள் முதலில் எல்லைப் பாதுகாப்பைக் கேட்கிறார்கள் என்றார். 2010-இல் அரிசோனா உட்கட்சித் தேர்தலில் போட்டி கடுமையானதும், எல்லை வேலியைக் கட்டி முடியுங்கள் என்று அவரே விளம்பரப் படத்தில் பேசினார். வென்று வந்தபின் 2013-இல் மறுபடியும் சீர்திருத்த அணியில் சேர்ந்தார். தேர்தலுக்கு முன் ஒரு பேச்சு, பின் ஒரு பேச்சு என்ற கசப்பு இப்படித்தான் வளர்ந்தது.

● வழக்குப் போட்டது யார்?
வேலைக்கு எடுக்கும்முன் தொழிலாளியின் தகுதியை ‘இ-வெரிஃபை’ என்ற அரசுக் கணினி முறையில் சரிபார்ப்பதை அரிசோனா 2007-இல் கட்டாயமாக்கியது. குடியரசுக் கட்சியினர் பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம் இயற்றிய அந்தச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது அமெரிக்க வர்த்தக சபை. குடியரசுக் கட்சிக்கு நெடுங்காலமாக நெருக்கமான முதலாளிகள் அமைப்பு அது. 2011-இல் அரிசோனாவே வென்றது. கட்சிக்கு நிதி தருபவர்களின் தேவை ஒன்று, ஓட்டுப் போடுபவர்களின் தேவை வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு இல்லை. முதலாளிகளின் தேவைக்கு ஒரு சான்று: பயிர்ப் பண்ணைகளில் கூலி வேலை செய்பவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் ஆவணமற்றவர்கள் என்கிறது அமெரிக்கத் தொழிலாளர் துறையின் கணக்கெடுப்பு.

● தோல்வி தந்த பாடம்
2012 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் மிட் ராம்னி தோற்றபோது ஹிஸ்பானிய வாக்குகளில் அவருக்குக் கிடைத்தது 27 சதவீதம்தான். காரணம் தேடிய கட்சித் தலைமை, 2013 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில், முழுமையான குடியேற்றச் சீர்திருத்தத்தை ஆதரிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இது தலைவர்கள் கற்ற பாடம். தொண்டர்களோ எதிர்ப்பாடம் கற்றிருந்தார்கள்: கட்சி தன் கொள்கையில் உறுதியாக நில்லாததால்தான் தோற்றது என்பது அவர்கள் கணக்கு.

● எட்டுப் பேர் குழு
2013-இல் இரு கட்சிகளிலும் நான்கு நான்கு செனட்டர்கள் சேர்ந்து எழுதிய மசோதா, ஜூன் 27 அன்று 68-க்கு 32 என்று செனட்டில் வென்றது. எல்லைக் காவலுக்குக் கூடுதலாக 20,000 பேர், ஆவணமற்றவர்களுக்குக் குடியுரிமை பெற 13 ஆண்டுப் பாதை என்று இரு தரப்புக்கும் அதில் இடம் இருந்தது. ஆனால் பிரதிநிதிகள் சபைத் தலைவர் ஜான் பெய்னர் அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. தன் கட்சியில் பெரும்பான்மையினர் ஏற்காத மசோதாவைச் சபைக்குக் கொண்டுவர மாட்டேன் என்றார். மசோதா அங்கேயே முடிந்தது.

● நம் ஊர்ப் பொறியாளர்கள் இழந்தது
அந்த மசோதா நிறைவேறியிருந்தால், வேலை அடிப்படையிலான கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பு நீங்கியிருக்கும். இந்தியர்கள் பத்து ஆண்டுக்கு மேல் வரிசையில் நிற்பதற்கு முதல் காரணம் அந்த வரம்புதான். சென்னை, கோவையிலிருந்து போன எத்தனையோ கணினிப் பொறியாளர் குடும்பங்களின் காத்திருப்புக்கும் அந்த உட்கட்சிச் சண்டைக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

● வாஷிங்டனை உலுக்கிய ஜூன் 10
2014 ஜூன் 10. பிரதிநிதிகள் சபையில் கட்சியின் இரண்டாம் இடத்தில் இருந்த எரிக் கேன்டர், வர்ஜீனியாவில் தன் தொகுதி உட்கட்சித் தேர்தலிலேயே தோற்றார். வென்றவர் டேவ் பிராட் என்ற கல்லூரிப் பொருளாதாரப் பேராசிரியர். 1899-இல் சபைப் பெரும்பான்மைத் தலைவர் பதவி உருவானதிலிருந்து அதில் இருந்தவர் யாரும் உட்கட்சித் தேர்தலில் தோற்றதில்லை. கேன்டர் தரப்பு செலவழித்தது 50 லட்சம் டாலருக்கு மேல். பிராட் தரப்பு செலவு சுமார் 2 லட்சம் டாலர். வானொலிப் பேச்சாளர் லாரா இங்ரஹாம் பிராடுக்காக மேடையேறினார். குடியேற்றமும், பெருநிறுவனங்களோடு கேன்டருக்கு இருந்த நெருக்கமும் பிரசாரத்தின் மையமாயின. சில மாதங்களில் கேன்டர் பதவி விலகி ஒரு முதலீட்டு வங்கியில் சேர்ந்தார்.

● அதே நாளில் ஜெயித்தவர்
தெற்கு கரோலினாவில் அதே ஜூன் 10-இல் உட்கட்சித் தேர்தலைச் சந்தித்தார் செனட்டர் லிண்ட்சி கிரகாம். எட்டுப் பேர் குழுவில் ஒருவர். மசோதாவை மறைக்காமல் ஆதரித்தவர். எதிர்த்து நின்றவர்கள் ஆறு பேர். கிரகாம் 56 சதவீதம் பெற்றுச் சுலபமாக வென்றார்! கேன்டரோ ஒரு பக்கம் சிறுவயதில் அழைத்துவரப்பட்டவர்களுக்குச் சட்ட அந்தஸ்து தரலாம் என்று பேசிவிட்டு, மறுபக்கம் பொதுமன்னிப்பைத் தடுத்தவன் நானே என்று வாக்காளர்களுக்குத் துண்டறிக்கை அனுப்பியிருந்தார். தனக்குப் பிடிக்காத கருத்தை நேர்மையாகச் சொன்னவரை வாக்காளர் மன்னித்தார். இரண்டு நாக்கோடு பேசியவரை மன்னிக்கவில்லை. இந்தக் கதை முழுவதையும் திறக்கும் சாவி இந்த ஒரே நாளில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

● பத்துக் கோடி டாலரும் நான்கு பேரும்
ஆவணமின்றி வருபவர்களில் பலர் குடும்பத்தின் மீதுள்ள அன்பால் வருகிறார்கள் என்று 2014-இல் பேசினார் அதிபர் புஷ்ஷின் தம்பி ஜெப் புஷ். 2016 அதிபர் போட்டியில் அவர் ஆதரவுக் குழு 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநாட்டுப் பிரதிநிதிகளில் அவருக்குக் கிடைத்தவர்கள் நான்கே பேர். எட்டுப் பேர் குழுவில் இருந்துவிட்டுப் பின்வாங்கிய மார்க்கோ ரூபியோ தன் சொந்த மாநிலமான புளோரிடாவிலேயே தோற்று விலகினார். சுவர் கட்டுவேன் என்ற டொனால்ட் ட்ரம்ப் கட்சியையே கைப்பற்றினார். முப்பதாண்டுக் கோபத்தின் அறுவடை அது.

● ட்ரம்பையும் விடவில்லை
2018 டிசம்பரில் சுவருக்கு நிதி இல்லாத இடைக்காலப் பட்ஜெட்டை ட்ரம்ப் ஏற்கக்கூடும் என்ற நிலை வந்ததும், அவரைப் புகழ்ந்து புத்தகமே எழுதிய ஆன் கூல்டர் முதலானோர் அவரைக் கடுமையாகச் சாடினார்கள். ட்ரம்ப் அந்தப் பட்ஜெட்டை ஏற்க மறுத்தார். அரசு அலுவல்கள் 35 நாள் முடங்கின. சுமார் 8 லட்சம் அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. ட்ரம்ப் மீண்டும் அதிபரான பின், 2025 ஜூனில் பண்ணைகளிலும் ஓட்டல்களிலும் ஆவணமற்றோரைத் தேடும் சோதனையை நிறுத்திவைக்கும்படி உத்தரவு போனது. சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது.

● கேட்டதைக் கொடுத்தும் கண்டனம்
ஓக்லஹோமாவின் ஜேம்ஸ் லாங்க்ஃபோர்ட், செனட்டின் உறுதியான பழைமைவாதிகளில் ஒருவர். 2024-இல் அவர் பேசி முடித்த எல்லைப் பாதுகாப்பு மசோதாவில் ஆவணமற்றவர்களுக்கான குடியுரிமைப் பாதையே கிடையாது. எல்லைக் காவலர் சங்கமே ஆதரித்தது. ட்ரம்ப் எதிர்த்தார், பிப்ரவரி 7 அன்று 49-க்கு 50 என்று மசோதா வீழ்ந்தது. மசோதா வெளியாகும் முன்பே லாங்க்ஃபோர்டின் மாநிலக் கட்சிக்காரர்களில் ஒரு பகுதியினர் அவர்மீது கண்டனத் தீர்மானம் போட்டிருந்தார்கள். நம்பிக்கை போனபின் மசோதாவைப் படித்துப் பார்க்கும் பொறுமையும் போய்விடுகிறது.

● சென்னையில் பிறந்தவரைச் சுற்றி
2024 டிசம்பரில், சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனைச் செயற்கை நுண்ணறிவு ஆலோசகராக ட்ரம்ப் அறிவித்ததும், வெளிநாட்டுத் திறனாளர்களை வரவேற்பதா என்று கட்சிக்குள் புதுச் சண்டை வெடித்தது. அவர்களுக்கு ஆண்டுக்கு 85,000 என்ற உச்சவரம்போடு தரப்படும் எச்-1பி வேலை விசாவை ஈலான் மஸ்க்கும் விவேக் ராமசாமியும் ஆதரிக்க, ஸ்டீவ் பானனும் லாரா லூமரும் எதிர்த்தார்கள். வாதம் சீக்கிரமே இந்தியர்களின் மீதான வசையாக மாறியது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது.

● கடைசியாக ஒன்று
1986-க்குப் பிறகு ஆவணமற்றோருக்குப் பெரிய அளவில் சட்ட அந்தஸ்து தரும் சீர்திருத்தம் எதுவும் அமெரிக்காவில் சட்டமாகவில்லை. 2023-இல் அவர்கள் எண்ணிக்கை 1 கோடியே 40 லட்சம் என்கிறது பியூ மையம். சட்டத்தில் எழுதியதை நிறைவேற்றுங்கள் என்று கேட்ட வாக்காளரின் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தைத் தக்காளி பறிக்கும் கூலியாளின் மீதும் விசா வரிசையில் நிற்கும் பொறியாளரின் மீதும் திருப்பிவிடுவது அநியாயம். வாக்கை மீறியவர்கள் அவர்கள் அல்லர். எந்தக் கட்சியானாலும் தேர்தலுக்கு முன் சொன்னதையே பின்னும் சொல்ல வேண்டும். சொன்னதில் இரண்டு பாதியையும் செய்ய வேண்டும். அதைச் செய்யாத தலைமைக்கு வாக்காளர் ஒருநாள் பதில் சொல்வார். அந்தப் பதிலின் விலையை அதற்குச் சம்பந்தமில்லாத குடும்பங்கள் கட்ட நேர்கிறது என்பதைத் தலைவர்கள் வாக்குக் கொடுக்கும்போதே நினைக்க வேண்டும்.