சுதந்திர தேவியின் விலா எலும்புகள்

2025 மார்ச்சில் பிரான்ஸைச் சேர்ந்த ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் ரஃபேல் குளுக்ஸ்மான், நியூயார்க்கில் நிற்கும் சுதந்திர தேவி சிலையை அமெரிக்கா திருப்பித் தந்துவிட வேண்டும் என்று ஒரு கட்சிக் கூட்டத்தில் பேசினார். முடியவே முடியாது என்றது வெள்ளை மாளிகை. சில நாட்கள் தொலைக்காட்சிகளுக்குத் தீனி கிடைத்தது. அத்தோடு விஷயம் ஓய்ந்தது.

ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. திருப்பித் தருவதென்றால், எதைத் தருவது? இன்று அங்கே நிற்கும் சிலையின் தோல் பழையது. முதுகெலும்பும் பழையது. விலா எலும்புகளும் கையிலுள்ள தீப்பந்தமும் 1980-களில் மாற்றப்பட்டவை. கல்லும் முள்ளும் படாமல் பீடத்தின் மேல் சும்மா நின்ற ஒருத்திக்கு விலா எலும்பை மாற்றும் அளவுக்கு என்னதான் ஆயிற்று?

பெரிய சிலைகளைப் பற்றிய செய்தி என்றால் உயரத்தைத் தாண்டி அது போவதே இல்லை. குஜராத்தின் ஒற்றுமைச் சிலை 182 மீட்டர். சுதந்திர தேவி வெறும் 46 மீட்டர். பீடத்தையும் சேர்த்தால் 93. யாருடையது பெரியது என்ற இந்தப் போட்டியில் அரசியல்வாதிகளுக்கு ஆர்வம் இருக்கலாம், அறிவியலுக்கு அதில் அதிக வேலை இல்லை. எழுப்பிய சிலையை மழையிலும் உப்புக் காற்றிலும் நூறு ஆண்டுகள் நிற்க வைப்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது.

வரலாற்றைச் சொல்லாமல் விட்டால் ஆசிரியர் கோபிப்பார் என்பதால் ஒரு பத்தி. சிற்பி பர்தோல்டி. உள்கூட்டை முதலில் யோசித்தவர் வியோலே-லெ-துக். அவர் 1879-ல் இறந்துவிட, வேலை குஸ்தாவ் ஈஃபலிடம் வந்தது. அவரும் அவருடைய பொறியாளர் மோரிஸ் கோக்லினும் வடிவமைத்தார்கள். பாரிஸில் முழுதாக நிறுத்திப் பார்த்து, பிரித்து, 214 பெட்டிகளில் அடைத்து 1885-ல் கப்பலேற்றினார்கள். பீடத்துக்குப் பணமில்லாமல் அமெரிக்கர்கள் விழித்தபோது பத்திரிகையாளர் புலிட்சர் பொதுமக்களிடம் வசூல் செய்து கொடுத்தார். 1886 அக்டோபர் 28-ல் திறப்பு விழா. போதும்.

இனி உள்ளே போகலாம். சிலையின் வெளித்தோல் செப்புத் தகடு. அதன் தடிமன் 2.4 மில்லிமீட்டர். நம் பத்து ரூபாய் நாணயம் ஒன்றரை அடுக்கினால் ஏறக்குறைய வந்துவிடும். பாத்திரக்கடைத் தெருவில் செம்புக் குடம் தட்டுவதைப் போலத்தான், மரச்சட்டங்களில் வைத்துத் தட்டித் தட்டி மடிப்புகளையும் முகத்தையும் உருவாக்கினார்கள். மொத்தச் செம்பு சுமார் 28 டன். இவ்வளவு மெல்லிய தோல் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளாது. நடுவில் ஈஃபலின் இரும்புக் கோபுரம் நிற்கிறது. அதற்கும் தோலுக்கும் இடையில், தோலின் வளைவுகளுக்கு ஏற்ப வளைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புப் பட்டைகள். விலா எலும்புகள் இவைதான்.

ஈஃபலின் கெட்டிக்காரத்தனம் இங்கே ஒரு சின்ன விஷயத்தில் ஒளிந்திருக்கிறது. பட்டைகளைத் தோலோடு சேர்த்து அவர் இறுக்கவில்லை. பேன்ட் இடுப்பில் பெல்ட் நுழைவதற்கு லூப் வைத்திருப்பார்களே, அதுபோலத் தோலின் உட்புறத்தில் செப்பு வளையங்களை ரிவெட் அடித்துப் பொருத்தினார்கள். இரும்புப் பட்டை அந்த வளையத்துக்குள் நுழைந்து செல்லும். கொஞ்சம் முன்னும் பின்னும் நழுவும். ஒரே வெயிலில் செம்பு இரும்பைவிட அதிகமாக நீளும். பனிக்காலத்துக்கும் கோடைக்கும் 50 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், 46 மீட்டர் செம்பு 4 சென்டிமீட்டர் அளவுக்கு நீளும். அதே நீள இரும்பு 3 சென்டிமீட்டரைக்கூட எட்டாது. நழுவ இடம் இல்லாவிட்டால் தோல் கிழியும், அல்லது ரிவெட் தெறிக்கும்.

நழுவ இடம் இருந்தும் ரிவெட்டுகள் தெறித்தன.

அது வெளியே தெரியவந்த விதம் வேடிக்கையானது. 1980 மே மாதத்தில் இரண்டு போராட்டக்காரர்கள் சிலையின் வெளிப்பக்கமாக ஏறினார்கள். அவர்கள் செப்புத் தகட்டில் ஆணி அறைந்து ஓட்டை போட்டுவிட்டதாக நிர்வாகம் சந்தேகப்பட்டது. நெருங்கிப் பார்த்தால், அவை எப்போதோ ரிவெட்டுகள் கழன்று விழுந்த ஓட்டைகள். உள்ளே நுழைந்து ஆராய்ந்தபோது விலாப் பட்டைகள் துருவேறி உப்பியிருந்தன. சில இடங்களில் இரும்பு பாதியாக மெலிந்திருந்தது.

காற்றும் மழையும் படும் வெளித்தோல் நூறு ஆண்டுகளில் இழந்த தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். நிழலில், உள்ளே, பத்திரமாக இருந்த இரும்புக்கு இந்தக் கதி. காரணம், அது செம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஒரு கூட்டுக் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரும்பு மூத்த அண்ணன். கையிலிருக்கும் காசை, அதாவது எலக்ட்ரானை, எளிதில் விட்டுக்கொடுக்கும் இளகிய மனம். செம்பு தம்பி, காசை இறுக்கிப் பிடிக்கும் ஆசாமி. ஆக்ஸிஜன் வீட்டுக்கு வரும் விருந்தாளி. வந்தால் எலக்ட்ரான் வாங்காமல் போகமாட்டார். இருவரும் தனித்தனி வீட்டில் இருந்தால் அவரவர் விருந்தாளிக்கு அவரவர் செலவு. இரண்டு உலோகமும் ஒன்றை ஒன்று தொட்டுவிட்டால் கணக்கு ஒன்றாகிவிடுகிறது. தம்பி வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கும் அண்ணனே காசு அனுப்புகிறார். தம்பியின் பைசா கரைவதில்லை, அண்ணன் கரைகிறார். செம்பின் பரப்பு பெரிதாகவும் இரும்பின் பரப்பு சிறிதாகவும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். தம்பி வீட்டில் பத்துத் திண்ணை, பத்திலும் விருந்தாளிகள். செலவுக்கு ஒரே அண்ணன்.

காசு உலோகத்தின் வழியாகப் போகிறது. அந்தக் கணக்கை நேர்செய்ய இரண்டு வீட்டுக்கும் நடுவே ஈரமும் உப்பும் வேண்டும். உப்புத் தண்ணீர்தான் கணக்குப்பிள்ளை. அவர் லீவு எடுத்தால் எல்லாமே நின்றுவிடும். பாலைவனத்தில் இரும்பும் செம்பும் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. நியூயார்க் துறைமுகத்தில் கணக்குப்பிள்ளைக்கு லீவே இல்லை.

ஒப்பீட்டை இதற்கு மேல் இழுத்தால் மருமகள்கள் யார் என்று கேட்பீர்கள். ஆனாலும் துருவை விட்டுவிட முடியாது. செலவான பணத்தைவிட அதற்கான ரசீதுக் கட்டு அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் அல்லவா? துரு அப்படிப்பட்டது. கரைந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் அதற்குத் தேவை. வளையத்துக்குள் துரு வீங்கியது. பட்டை நழுவ முடியாமல் சிக்கியது. பிறகு வளையத்தையே நெம்பியது. ரிவெட்டுகள் தெறித்தன. அண்ணனின் ரசீதுக் கட்டு தம்பி வீட்டுச் சுவரை இடித்தது.

பாடப்புத்தகக் கணக்கில் இந்த இரண்டு உலோகங்களுக்கும் இடையிலான மின்னழுத்தம் 0.78 வோல்ட், சுவர்க் கடிகார பேட்டரியில் பாதி. கடல் உப்பு நீரில் அது இன்னும் குறையும். இதை வைத்துக்கொண்டு ‘உலகின் மிகப் பெரிய பேட்டரி’ என்று சுதந்திர தேவிக்குப் பட்டம் சூட்டி எழுதுகிறவர்கள் உண்டு. அது மிகை. அங்கே இருந்தவை தத்தம் வளையத்துக்குள் தாமே குறுக்குச்சுற்றான ஆயிரக்கணக்கான குட்டி மின்கலங்கள். எல்லாம் சேர்ந்தும் ஒரு சின்ன பல்பைக்கூட எரித்ததில்லை.

ஈஃபலுக்கு இது தெரியாதா? தெரியும். அதனால்தான் இரும்புக்கும் செம்புக்கும் நடுவே, அரக்குக் கரைசலில் தோய்த்த கல்நார்த் துணியை வைத்தார்கள். நல்ல ஏற்பாடு, அரக்கு இருக்கும்வரை. ஆண்டுகள் போகப் போக அரக்கு உதிர்ந்தது. மிஞ்சிய துணி என்ன செய்யும்? ஈரத்தைக் குடிக்கும். 1916-ல் தீப்பந்தத்தின் சுடரில் துளைகள் வெட்டிக் கண்ணாடி பதித்தார்கள். அதன் வழியே மழை கசிந்தது. உள்ளே ஏறி இறங்கிய பார்வையாளர்களின் மூச்சும் குளிர்ந்த தகட்டில் நீராகப் படிந்தது. கடல் காற்று உப்பைக் கொண்டுவந்தது. நடுச்சுவராக வைத்த துணியே கணக்குப்பிள்ளைக்கு ஈரப் பாய் விரித்துக் கொடுத்தது. துணியே வைக்காமல் விட்டிருந்தாலாவது ஈரம் கொஞ்சம் சீக்கிரம் காய்ந்திருக்கலாம்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை என்பதுதான் பரிதாபம். 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை, மரத்தைத் துளைக்கும் புழுக்களுக்குப் பயந்து ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்தைச் செப்புத் தகட்டால் மூடியது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது செம்பு பளபளத்தது. தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல அரித்துப் போயிருந்தன. தப்பிய ஆணிகளின் அருகே ஒரு துப்புக் கிடைத்தது. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அங்கே கிழிக்கப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. சோம்பேறித்தனமாக விட்டுவைத்த காகிதம் இரும்பைக் காப்பாற்றியது! 1824-ல் ஹம்ஃப்ரி டேவி இதே விதியைத் தலைகீழாகப் பயன்படுத்தினார். கப்பலின் செம்போடு இரும்பையும் துத்தநாகத்தையும் வேண்டுமென்றே இணைத்து, அவற்றைப் பலியிட்டுச் செம்பைக் காத்தார். ஆனால் செம்பு கரைந்தால் மட்டுமே கடல் உயிரிகளுக்கு அது நஞ்சாகும் என்பதால், கரையாத செம்பின் மேல் பாசியும் சிப்பியும் மண்டி கப்பல்களின் வேகம் குறைந்தது.

பச்சை நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீட்டில் செம்புக் குடத்தில் களிம்பு பிடித்தால் புளி போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் மறுவேலை. சைவ சித்தாந்தமும் உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பின் களிம்பையே உவமையாகச் சொல்கிறது. களிம்பென்றாலே அழுக்கு என்பது நம் தீர்ப்பு. அமெரிக்கர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 1906 வாக்கில் சிலை பச்சையாகிக்கொண்டிருந்தபோது பெயின்ட் அடிக்கும் பேச்சு கிளம்பியது. மக்கள் எதிர்த்தார்கள். ராணுவப் பொறியாளர்கள் ஆராய்ந்து, பச்சைப் படலம் செம்பைக் காக்கிறது என்று முடிவு சொன்னார்கள். செம்பின் சல்ஃபேட் உப்புகளாலான அந்தப் படலம் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு, அடியில் இருக்கும் செம்புக்குக் கவசமாகிறது. துருவோ பொருக்காக உதிர்ந்து, அடுத்த அடுக்கு இரும்பையும் காற்றுக்குக் காட்டிக்கொடுக்கும்.

1984-ல் பெரிய பழுதுபார்ப்பு தொடங்கியது. உட்புறத்தில் ஆண்டாண்டாக அடித்த பெயின்டை உரிக்க, மைனஸ் 196 டிகிரி குளிரில் இருக்கும் திரவ நைட்ரஜனைப் பீய்ச்சினார்கள். பெயின்ட் நொறுங்கி விழுந்தது. அதன் அடியில் தார்ப் பூச்சு. மணலைப் பீய்ச்சினால் செம்பே தேய்ந்துவிடும் என்பதால், சமையல் சோடாவைப் பீய்ச்சித் தாரை எடுத்தார்கள். தகட்டு இணைப்புகள் வழியே வெளியே கசிந்த சோடா, பச்சைப் படலத்தோடு வினைபுரிந்து நீலக் கோடுகளைப் போட்டது. அவசர அவசரமாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டியிருந்தது.

விலா எலும்புகளை எல்லாம் ஒரேயடியாகப் பிடுங்கினால் தோல் தொய்ந்துவிடும். அதனால் சிலையின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து ஒரு நேரத்தில் நான்கு பட்டைகளை மட்டுமே கழற்றினார்கள். கழற்றிய ஒவ்வொன்றையும் மாதிரியாக வைத்து, அதே வளைவில் 316எல் வகைத் துருப்பிடிக்காத எஃகுப் பட்டையைச் செய்து மாட்டினார்கள். ‘துருப்பிடிக்காத’ என்ற பெயரை அப்படியே நம்பிவிட வேண்டாம். மேற்பரப்பிலுள்ள குரோமியம் ஆக்ஸைடின் மெல்லிய படலம் இருக்கும்வரைதான் அந்தப் பெயர் செல்லும். உப்பின் குளோரைடு அதையும் துளைக்கும் என்பதால்தான் மாலிப்டினம் கலந்த இந்த ரகம். வளைத்துச் சூடாக்கிய பட்டைகளை அமிலத்தில் நனைத்துப் படலத்தைப் புதுப்பித்த பிறகே பொருத்தினார்கள். படலம் உள்ளவரை இந்த எஃகு, எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பதில் செம்பைப் போலவே கஞ்சன். இரண்டு கஞ்சர்களுக்கு இடையே கொடுக்கல் வாங்கல் அதிகம் நடக்காது. இருந்தாலும் நடுவில் டெஃப்லான் வைத்தார்கள். அது ஈரம் குடிக்காது. பட்டை நழுவவும் வழி விடும்.

1986 ஜூலையில், நூற்றாண்டு விழாவின்போது சிலை மீண்டும் திறக்கப்பட்டது. குளுக்ஸ்மானின் கோரிக்கையை யாராவது நிறைவேற்ற நினைத்தால் கணக்கு இதுதான்: தோலும் முதுகெலும்பும் பிரான்ஸுடையவை; புதிய தீப்பந்தத்தையும் பிரெஞ்சுக் கைவினைஞர்கள்தான் செய்தார்கள்; விலா எலும்புகளை அமெரிக்கா வைத்துக்கொள்ளலாம்.

எஃகுக்கும் செம்புக்கும் நடுவே வைத்த அதே டெஃப்லானைத்தான் பிளம்பர் வெள்ளை டேப்பாகக் குழாய் மரையில் சுற்றுகிறார். அது ஒழுகாமல் இருப்பதற்கு மட்டுமே. முறுக்கும்போது மரை டேப்பைக் கிழித்துக்கொண்டு உலோகத்தைத் தொட்டுவிடும். ஜி.ஐ. குழாயில் மரை வெட்டும்போது துத்தநாகப் பூச்சும் அந்த இடத்தில் போய்விடுகிறது. உங்கள் வீட்டு ஜி.ஐ. குழாயில் பித்தளைக் குழாய் சேரும் மரையில் மட்டும் துரு வழிந்தால், இரும்பின் தரத்தைத் திட்டுவதற்கு முன் அது யாரோடு சேர்ந்திருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.