ரீல் கழண்டா மீன் போச்சு

போன ஏப்ரல்ல பரமத்தி வேலூர் பக்கம் காவிரியில தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தேன். கட்லா ஒண்ணு சிக்குச்சு. எத்தனை கிலோன்னு சொல்ல முடியாது, ஏன்னா நான் அதைப் பார்க்கவே இல்லை. மூணாவது இழுப்புல ரீல் ராடை விட்டுக் கழண்டு, நேரா முதல் வளையத்துல போய் முட்டி, நூல் அறுந்துடுச்சு. பக்கத்துல இருந்த மாமா ராடை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ஏன் மாப்ள, மூணு வருசமா மெக்கானிக்கல்ல இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

தப்பு என்னோடதுதான். ரீல் சீட் உடைஞ்சிருந்துச்சு, அதனால இன்சுலேஷன் டேப் சுத்தியிருந்தேன்.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. நூல் 5 கிலோ இழுவையில இருக்கு, ரீலோட ஸ்பூல் ராடுல இருந்து 6 செ.மீ. தள்ளி இருக்குன்னு வைங்க. ரீல் வெறுமனே முன்னாடி வழுக்கப் பார்க்கிறதில்லை, கவிழவும் பார்க்குது. அதோட கால், அதாவது ராடுல உட்கார்ற தகடு, 6 செ.மீ. நீளம்னா பின்முனை ராடை விட்டுப் பிரிய தோராயமா 5 கிலோ விசை வருது. அதுவும் ஒரே சீரா வராது, மீன் தலையை உதற உதற விட்டு விட்டு வரும். வெயில்ல பசை இளகுன டேப் இதுக்குத் தாங்குமா?

ரீல் சீட்டுல காலோட ரெண்டு முனையும் ரெண்டு கொப்பிக்குள்ள நுழையும். ஒண்ணு அசையாது, இன்னொண்ணை மரை நட் தள்ளி இறுக்கும். பக்கவாட்டு அதிர்வு நட்டை எப்படித் தானா கழட்டும்னு ஜெர்மனியின் யுங்கர் 1969ல சோதனை பண்ணிக் காட்டினார். அதனாலதான் நல்ல ராடுகள்ல அந்த நட்டுக்குப் பின்னாடி இன்னொரு லாக் நட் இருக்கும்.

கடல்ல சூரை, மர்லின் பிடிக்கிறவங்க 130 பவுண்டு நூலுக்கு டிராக்கை மூணுல ஒரு பங்கு, கிட்டத்தட்ட 20 கிலோ வைப்பாங்க. அங்க சீட் மட்டும் போதாது. ராடுக்கு அடியில ஒரு வளைஞ்ச கிளாம்ப் வச்சு, ரெண்டு போல்ட்ல ரீல் காலோட சேர்த்து இறுக்குவாங்க. மேல ரீல்ல இருக்கிற கொக்கிக் காதுல இடுப்புப் பட்டையை மாட்டுவாங்க, அதனால ஆளோட எடையும் ரீல் மேலதான். போல்ட்டை மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும், இல்லைன்னா கால் கோணிக்கும்.

நம்ம ஆத்துக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேட்காதீங்க. 1946ல மைசூர்ப் பக்கம் வான் இங்கன் பிடிச்ச மஹசீர் 120 பவுண்டு, சுமார் 54 கிலோ! அந்தக் கூன்முதுகு மஹசீர் 2018ல இருந்து அழிவின் விளிம்புப் பட்டியல்ல இருக்கு. அது சிக்கினா விட்டுடணும். ரீல் கழண்டு நூல் அறுந்தா, கொக்கியும் பல மீட்டர் நூலுமா அது ஆத்துல சுத்தும்.

இப்போ என் ராடுல புது சீட். அது கிடைக்கிற வரைக்கும் பழைய சைக்கிள் டியூப் துண்டை அடியில வச்சு, நைலான் நூலால ரெண்டு முனையையும் நெருக்கமாக் கட்டினேன். ஹோஸ் கிளாம்ப் மாட்டலாம்னு ஒரு நண்பன் சொன்னான். நேரா ராடு மேல வச்சு இறுக்கினா மூங்கில் விரியும், ஃபைபர் நசுங்கும். மாட்டித்தான் ஆகணும்னா அடியில ரப்பர் வைங்க, அரை மணிக்கு ஒரு தடவை ரீலைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க.