ஆடுகளமும் அளவுகோலும் – 14: எங்கிருந்து எங்கே?

பொம்மைப் படைகளை வைத்துப் போர் விளையாடுகிறவர்களுக்குள் சச்சரவு வந்தால், பத்தில் எட்டுக்குக் காரணம் தூரம்தான். மேசையில் ஆடும்போது கையில் டேப் இருக்கும். ஒருவர் முனையைப் பிடிக்க, மற்றவர் குனிந்து பார்த்து “சரி, எட்டுது” என்பார். இப்போது ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்துகொண்டு கணினித் திரையிலேயே மேசை விரிக்கிறோம். சுட்டியை இழுத்தால் 12.3 அங்குலம் என்று எண்ணே வந்துவிடுகிறது. அப்படியும் சச்சரவு தீர்ந்தபாடில்லை. இயந்திரம் தூரத்தைத்தான் சொல்கிறது. எங்கிருந்து எங்கே அளப்பது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். பொம்மை வீரன் 32 மி.மீ. விட்டமுள்ள வட்ட அடித்தட்டின் மேல் நிற்கிறான். பெரும்பாலான ஆட்டங்களில் தூரம் என்பது அடித்தட்டின் ஓரத்திலிருந்து எதிராளி அடித்தட்டின் ஓரம் வரை. திரையில் கோட்டை இழுக்கும்போது கை தானாகவே பொம்மையின் நடுவுக்குத்தான் போகும். சில மென்பொருள்கள் கோட்டை அங்கேயே ஒட்டவும் வைத்துவிடும். நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் இந்தப் பக்கம் 16, அந்தப் பக்கம் 16, ஆக 32 மி.மீ. கூடிப்போகிறது. அதாவது ஒன்றேகால் அங்குலம். 12 அங்குலம் வரை பாயக்கூடிய படை, உண்மையில் 11 அங்குலத்தில் நின்றாலும் எட்டாமல் போய்விடும். 100 மி.மீ. அடித்தட்டில் நிற்கும் பெரிய மிருகமாக இருந்தால் பிழை இரண்டரை அங்குலத்தைத் தாண்டும். ஒரு ஆட்டத்தின் வெற்றி தோல்வியே அதற்குள் அடங்கிவிடும்.

இந்தப் பிரச்சினைக்கு வயது அதிகம். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட போர் விளையாட்டு, 1:8000 அளவுள்ள வரைபடத்தின் மேல் ஆடப்பட்டது. களத்தில் 100 மீட்டர் என்றால் வரைபடத்தில் 12.5 மி.மீ. படை இரண்டு நிமிடத்தில் எவ்வளவு நடக்குமோ அவ்வளவுதான் ஒரு முறைக்கு நகர்த்தலாம். நிலமும் நடையும் ஒரே அளவில் இருந்ததால் அங்கே குழப்பம் குறைவு. எச்.ஜி.வெல்ஸ் 1913இல் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ நூலில் காலாள் ஒரு அடி, குதிரை இரண்டு அடி, அளப்பதற்குக் கயிறு. சுடுவதற்கு அளவே தேவைப்படவில்லை, பொம்மைப் பீரங்கியிலிருந்து மரக்குண்டு நிஜமாகவே பறந்து போய் விழும். இன்றைய 28 மி.மீ. பொம்மை ஆட்டங்களில் நிலத்தின் அளவும் ஆளின் அளவும் ஒன்றல்ல. துப்பாக்கி 24 அங்குலம் சுடும் என்கிறது விதி. பொம்மையின் அளவை 1:56 என்று கொண்டு பெருக்கினால் வருவது 34 மீட்டர். எந்தத் துப்பாக்கியும் அவ்வளவு கிட்டத்தில் நின்றுவிடாது. மேசைக்குள் அடங்குவதற்காகச் சுருக்கப்பட்ட தூரம் அது.

அடுத்த கேள்வி, முன்கூட்டியே அளந்து பார்க்கலாமா என்பது. இதில் எனக்குத் தெளிவான கட்சி உண்டு. எங்கள் ஆமத்தூர்ப் பக்கம் கிட்டிப்புள் ஆடியவர்களுக்கு இது புரியும். புள் போய் விழுந்ததும் அடித்தவன் கண்ணாலேயே மதித்து “இருபது” என்று கேட்பான். எதிர்க்கட்சி ஒப்புக்கொண்டால் இருபது அவனுக்கு. ஒப்பாவிட்டால் குழியிலிருந்து கிட்டியால் அளக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அவன் அவுட். கண்மதிப்புக்கு அங்கே அவ்வளவு விலை. 1930களில் நியூயார்க்கில் ஃப்ளெட்சர் பிராட் நடத்திய கப்பல் போர் விளையாட்டிலும் இதே நியாயம்தான்: தரையில் பரப்பிய சிறு கப்பல்களுக்கு இடையே எத்தனை அங்குலம் என்று மனதால் மதித்து எழுதிக் கொடுத்த பிறகே டேப்பை எடுப்பார்கள். வார்ஹாம்மர் 40,000 என்ற பொம்மைப் படை ஆட்டமும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. 2012இல் வந்த ஆறாம் பதிப்பில்தான் எப்போது வேண்டுமானாலும் அளந்துகொள்ளலாம் என்றார்கள். திரைக்கு அந்த மாற்றம் வசதியாகப் போயிற்று, ஏனென்றால் திரையில் எதிராளி களவாக அளப்பதைப் பெரும்பாலும் தடுக்க முடியாது. ஆனால் கண் அளவு என்ற திறமைக்கு அங்கே வேலை இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம்தான்.

களவாக அளப்பதைத் தடுக்க, வாஸல் என்ற இலவச மென்பொருள் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. ‘அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர்’ என்ற அட்டைப் போர் விளையாட்டுக்காகத் தொடங்கப்பட்டது அது. அந்த ஆட்டத்தில் சுடுவதாக அறிவித்த பிறகே பார்வைக் கோட்டைச் சரிபார்க்கலாம்; மேசையில் ஆடுகிறவர்கள் நூலை இழுத்துப் பிடித்துப் பார்ப்பார்கள். வாஸலிலும் அந்தக் கருவிக்கு நூல் என்றே பெயர். நீங்கள் இழுக்கும் நூல் எதிராளி திரையிலும் தெரியும்படி வைக்க முடியும். அப்படி வைத்தால் அந்த நூலால் கள்ளத்தனமாக அளக்க வழியில்லை.

கட்டம் போட்ட களங்களில் வேறொரு வில்லங்கம். மூலைவிட்டமாகப் போகும் ஒரு கட்டம் 1.41 மடங்கு நீளம். 2008இல் வந்த டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற விளையாட்டின் நான்காம் பதிப்பு அதையும் ஒன்று என்றே எண்ணியது. கணக்கு எளிது; ஆனால் வட்டமாக வெடிக்க வேண்டியது சதுரமாக வெடித்தது.

வெடி என்றதும் எங்கள் ஊர் நினைவு வராமல் போகாது. விருதுநகரிலிருந்து ஆமத்தூர் வழியாகச் சிவகாசிக்குப் போகிறவர்கள், பொட்டல் காட்டில் பட்டாசு ஆலைகளின் சின்னச் சின்ன அறைகள் தள்ளித் தள்ளி நிற்பதைப் பார்த்திருப்பார்கள். ஓர் அறையில் மருந்து பற்றிக்கொண்டால் அடுத்த அறைக்குத் தாவக் கூடாது. அதற்காகத்தான் அந்த இடைவெளி. வெடிபொருள் விதிகள் 2008 அறைக்கு அறை இவ்வளவு தூரம், அறைக்கு இத்தனை ஆள், இவ்வளவு மருந்து என்று வரம்பு கட்டியிருக்கிறது. இதே இடைவெளிக் கணக்கு விளையாட்டிலும் இருந்தது. வார்ஹாம்மரில் 3 அங்குலம், 5 அங்குலம் என்று ஒளி ஊடுருவும் வட்டத் தகடுகள் இருந்தன. குண்டு விழுந்த இடத்தில் தகட்டை வைத்தால் அதற்குள் வரும் பொம்மைகள் எல்லாம் அடிபட்டதாகக் கணக்கு. ஒட்டி நின்றால் பத்துப் பதினைந்து பேர், இரண்டு அங்குலம் விட்டு நின்றால் மூன்று நான்கு பேர். ஆகவே ஆடுகிறவர்கள் ஒவ்வொரு பொம்மையையும் இரண்டு அங்குலம் அளந்து அளந்து வைத்தார்கள். ஆட்டம் இழுத்தது. 2017இல் எட்டாம் பதிப்பு தகட்டையே எடுத்துவிட்டுப் பகடை போடச் சொல்லிவிட்டது. விளையாட்டு என்பதால் அப்படி எடுத்துவிட முடிந்தது.

பட்டாசு ஆலையில் அது முடியாது. உள்குத்தகைக்கு விட்ட அறையில் ஆள் கூடுவதும், மரத்தடியில் உட்கார்ந்து வேலை செய்வதும், மணி மருந்து என்ற வெடிமருந்தை அளவுக்கு மேல் குவிப்பதும் அந்த இடைவெளியை விழுங்கிவிடுகின்றன. சுவருக்குச் சுவர் தூரம் அப்படியேதான் இருக்கும். மருந்துக்கு மருந்து, ஆளுக்கு ஆள் தூரம்தான் குறைந்துபோயிருக்கும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் தீயைக் கண்டு காப்பாற்ற ஓடிவந்த அக்கம்பக்கத்துக்காரர்கள். வரைபடத்தில் அளந்த தூரம் அவர்களைக் கணக்கில் கொள்ளவே இல்லை.

தூரத்தை ஒழுங்காகச் சொல்லும் சட்டத்துக்கும் பட்டாசிலேயே உதாரணம் இருக்கிறது. 1999 அக்டோபரில் வந்த மத்திய அரசு அறிவிக்கை, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டும் பட்டாசைத் தடை செய்தது. அந்த 4 மீட்டரை எடுத்துவிட்டால் 125க்குப் பொருளே கிடையாது. திறந்த வெளியில் 8 மீட்டர் தள்ளி நின்றாலே அது சுமார் 119 ஆகிவிடும். எங்கிருந்து என்பதை அந்த அறிவிக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறது. திரையில் ஆடுகிறவர்களும் பகடையைத் தொடுமுன் ஓரமா நடுவா, முன்கூட்டி அளக்கலாமா கூடாதா, மாடியில் நிற்பவனுக்கு உயரத்தையும் சேர்ப்பதா என்று பேசி, அரட்டைப் பெட்டியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதி ஆட்டத்தில் கேட்டால் ஆளாளுக்கு அவரவர் படைக்கு ஏற்ற பதில்தான் வரும்.

(அடுத்த வாரம்: சுவருக்குப் பின்னால் நிற்கிறவன் தெரிகிறானா?)